பல்லைப் பார்த்துக் கொடுத்த ட்ரம்பெட்

ஒரு கால் வாசலிலும் ஒரு கால் கூடத்திலும் இருக்க, அன்று மதியம் தணிகாசலம் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் ஒன்று மச்சான் இருக்க வேண்டும், இல்லை தான் இருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்து முதல் பாதியை எடுத்துவிட்டார். வீட்டு வரி அவர் பேரில்தான் வருகிறது.

நெல்லித்தோப்பில் இருந்த அந்த வீட்டில் ஃபேன் ஒன்றுதான். முன்கூடத்தில் தொங்கியது. அதுவும் சுற்றுவது ஊருக்குத் தெரியுமே தவிர, காற்று என்னவோ ஒரு பாய் அகலத்துக்குத்தான் வரும். அந்தப் பாயில் பதினோரு வருசம் படுத்தவர் தணிகாசலம். மில்லில் காலை ஷிப்டு முடித்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து, குளித்துச் சாப்பிட்டு அதில் விழுந்தால், ஐந்து மணி வரைக்கும் அவர் யாருக்கும் புருசன் இல்லை. அவருக்கு இருந்த சொத்து, சுகம் எல்லாம் அதுதான்.

இப்போது எட்டு மாசமாக அந்தப் பாயில் பாவாடை படுத்திருந்தான்.

பாவாடை அவர் மனைவி வேம்புவின் தம்பி. வயது இருபத்தாறு. தட்டாஞ்சாவடியில் அவன் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். “வேற வேலை கெடைக்கிற வரைக்கும் ஒரு பத்து நாள் மாமா” என்று ஒரு ரெக்சின் பையோடு வந்தான். அந்தப் பத்து நாள் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

மரியாதை தெரியாதவனாக இருந்தாலாவது சண்டை போடலாம். தணிகாசலம் உள்ளே நுழைந்ததும் பாவாடை எழுந்து உட்காருவான். “வாங்க மாமா, படுங்க மாமா” என்பான். சொன்ன களைப்பில் மறுபடியும் படுத்துவிடுவான்.

அவன் மேல் தணிகாசலத்துக்கு இது புதுக் கோபம் இல்லை. இருபது வருசத்துக்கு முன்னால், கல்யாணத்தன்று மாப்பிள்ளை செருப்பை ஒளித்துவைத்த ஆறு வயசுப் பயல் இவன்தான். ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்று இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்த ஒற்றைச் செருப்பை அதன் அட்டைப் பெட்டியிலேயே போட்டுப் பரணில் வைத்திருந்தார் தணிகாசலம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் வைத்திருந்தார். தீபாவளி போனசில் வேம்புக்குத் தெரியாமல் ஒதுக்கிய பணமும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

அவர் அடுக்களைக்குப் போனார். வேம்பு வெங்காயமும் பூண்டும் இடித்து, எண்ணெய் தடவி, தாளிப்பு வடகம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்து பென்சன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். உப்பளம் பக்கத்துச் சொல்தா வீடுகளில் அவள் வடகத்தை வாங்கி, பாரீசில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள். அவள் கைப்பக்குவம் கப்பல் ஏறிப் போகும். அவர் பேச்சு அடுக்களை வாசலைக்கூடத் தாண்டாது.

“உன் தம்பி எப்பப் போறான்?”

“எங்க போவான்?”

“எங்கேர்ந்து வந்தானோ அங்க.”

“அந்தப் பட்டறையில இப்ப மாட்டுத் தீவனம் அடுக்கி வச்சிருக்காங்க.”

“அப்ப வேற எங்கியாவது போவட்டும்.”

“நீங்களே சொல்லுங்களேன். கூடத்துலதான இருக்கான்.”

தணிகாசலம் கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மனசுக்குள் ஒருத்தரை இருபது வருசம் வைத்துத் திட்ட அவருக்குத் தெரியும். நேரில் ஒரு வார்த்தை வராது.

வேம்பு ஒரு உருண்டையை உருட்டி முறத்தில் வைத்தாள். “அவனுக்கு எதச் சொன்னாலும் ஒறைக்காதுங்க. அவன் பயந்த ஒண்ணே ஒண்ணு ட்ரம்பெட்டு சத்தம்தான். சின்ன வயசுல கல்யாண ஊர்வலம் தெருமுனைல வந்தா போதும். வைக்கப்போருக்குள்ள பூந்துப்பான். ரெண்டு நாளைக்கு வூட்டுப் பக்கம் வரமாட்டான்.”

“ட்ரம்பெட்டா?”

“மேளம்கூட தாங்கிப்பான். ட்ரம்பெட்டு ஆவாது. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாத்தான்.”

சும்மா இல்லை. அன்று சாயந்திரம் வரைக்கும் அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. ஒரு ட்ரம்பெட். தினமும் மதியம் மூன்று மணிக்கு அந்தப் பாயின் தலைமாட்டில் நின்று ஊத வேண்டியது. யாரையும் போ என்று சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம். மச்சான் தானாக ரெக்சின் பையைத் தூக்குவான். தணிகாசலத்தின் காதைப் பற்றிக் கவலை இல்லை. இருபத்தாறு வருசம் தறிச் சத்தத்தில் வெந்த காது. ட்ரம்பெட் அதற்கு ஒரு கொசு.

மில் சங்கத்தில் மே தின ஊர்வலத்துக்கு பேண்டு வைக்கப் போவதாகவும், தான் ட்ரம்பெட் கற்றுக்கொள்ளப் போவதாகவும் வேம்புவிடம் சொன்னார். இந்த வயசிலா என்று ஒரு கேள்வி கேட்டாள். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் வாங்குவதாகச் சொன்ன ஒரு பொருளுக்கு அவள் வேண்டாம் என்று சொல்லாதது இருபது வருசத்தில் அதுதான் முதல் தடவை. எங்கே வாங்குவது என்று அவர் தெரியாமல் முழித்தபோது, அதையும் அவளே சொன்னாள். அவளிடம் வடகம் வாங்கும் தெரேஸ் அம்மாவின் வீட்டுக்காரர் ழான்-மரி பட்டாளத்தில் ட்ரம்பெட் ஊதியவராம். இப்போது கல்யாணங்களுக்குப் போகிற ஒரு பேண்டு செட்டு வைத்திருக்கிறாராம். பழசு இருந்தால் கொடுப்பாராம்.

மறுநாள் தணிகாசலம் பரணில் ஏறி, செருப்பை மட்டும் பெட்டியில் விட்டுவிட்டு, மற்றதை மடியில் கட்டிக்கொண்டு உப்பளத்துக்கு சைக்கிள் மிதித்தார்.

ழான்-மரி அறுபத்தைந்து வயதிலும் நிமிர்ந்து உட்காருகிற மனிதர்; ஊர் அவரை மரியாதையாக முசியே என்று கூப்பிடும். பச்சை நிறப் பட்டாளத்துப் பெட்டியைத் திறந்து, நான்கு ட்ரம்பெட்டை எடுத்துக் கட்டிலில் ஒரு கம்பளியை விரித்து வரிசையாக வைத்தார். ஒன்று வெள்ளியாகப் பளபளத்தது. ஒன்று ஒல்லியாக நீளமாக இருந்தது. ஒன்றின் வாய் நசுங்கி, வண்டி ஏறின சொம்பு மாதிரி கோணிக்கொண்டிருந்தது. கடைசி ஒன்று மங்கின பித்தளை. அதன் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது.

“முசியே, இதுல எது ரொம்ப சத்தம் போடும்?”

“புதுசா ஊதறவன் வாயில எத வச்சாலும் சத்தம்தான் போடும்.”

“காதுக்கு ரொம்ப மோசமா இருக்கறது எது?”

ழான்-மரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். முப்பது வருசத்தில் யாரும் இதைக் கேட்டு வந்ததில்லை.

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் ட்ரம்பெட் வாங்குகிறவன் மேல்பளபளப்பைப் பார்க்கக் கூடாது, விரல் படுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். மூன்று பிஸ்டன் இருக்கும். அழுத்தினால் சத்தம் இல்லாமல் இறங்க வேண்டும், விட்டால் தானாக எழுந்து வர வேண்டும். ட்ரம்பெட்டின் அகன்ற வாயைக் கையால் அடைத்துக்கொண்டு ஊதினால் எங்கேயும் காற்று கசியக் கூடாது. வாய் வைக்கிற கிண்ணம் ரொம்ப ஆழமாகவும் இருக்கக் கூடாது, ரொம்பத் தட்டையாகவும் இருக்கக் கூடாது. தணிகாசலம் பளபளப்பதைத் தடவிப் பார்த்தார். “அது பொண்ணு வூட்டுக்காரன் பாக்கறதுக்கு” என்றார் ழான்-மரி. தணிகாசலம் நசுங்கினதை எடுத்தார். எருமை மாதிரி கத்தும் என்று அவருக்கு அதன் மேல் ஒரு நம்பிக்கை. அது செவுத்துல மாட்டறதுக்கு என்று ழான்-மரி அதைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டார். சிவப்பு நூல் கட்டினதைத் தனியாக எடுத்து நகர்த்தினார். தொடங்குகிறவனுக்கு இதுதான் சரி என்றார்.

“சரி முசியே. இதையே குடுங்க.”

“வாயத் தொற.”

“எதுக்கு?”

“துப்பாக்கி குடுக்கறதுக்கு முன்னாடி கண்ணப் பாப்பாங்க. இத குடுக்கறதுக்கு முன்னாடி பல்லப் பாக்கணும். தொற.”

தணிகாசலம் திறந்தார். மேலே முன்பல் இரண்டும் தகட்டில் கட்டினவை. தறியில் ஓடுகிற நாடா ஒரு நாள் தடம் மாறிப் பறந்து வந்து அவர் வாயில் அடித்ததில் சொந்தப் பல் போய்விட்டது. ழான்-மரி அதை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது.

“உனக்கு இல்ல” என்றார்.

“காசு வச்சிருக்கேனே.”

“காசு குடுத்தா பல்லு மொளைக்காது. இது மேல் பல்லு பலத்துலதான் நிக்கும். கட்டின பல்லுல நிக்காது.”

அவர் ட்ரம்பெட்டைக் கம்பளியில் சுற்ற ஆரம்பித்தார். தணிகாசலத்தின் கண்ணுக்கு முன்னால் அந்தப் பாயும், பாய் அகலக் காற்றும், ஐந்து மணி வரைக்குமான தூக்கமும் சேர்ந்து சுருண்டன. வாயில் வந்ததைச் சொன்னார்.

“எனக்கு இல்ல முசியே. என் மச்சானுக்கு.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார் ழான்-மரி. அவருக்கு ஆச்சரியமே இல்லை. நாளைக்கு மூன்று மணிக்குத் தானே வீட்டுக்கு வந்து பையனின் பல்லைப் பார்ப்பதாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். தன்னிடம் ட்ரம்பெட் வாங்குகிறவனுக்கு ஆறு மாசம் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவார். பாடம் வேண்டாம், ட்ரம்பெட் மட்டும் போதும் என்றால் விற்க மாட்டார். தப்பாகத் தொடங்கினால் உதடு கெட்டுப்போகும், பேர் அவர் பேர்தான் கெடும்.

வழியெல்லாம் தணிகாசலம் கணக்குப் போட்டார். யார் பேரில் வாங்கினால் என்ன, ட்ரம்பெட் தன் வீட்டுக்குள்தான் இருக்கப் போகிறது. சொல்தா பல்லைப் பார்ப்பார், போவார். அவர் தலை தெருமுனை திரும்பியதும் எடுத்து ஒரு ஊது. அதோடு மச்சான் விழுப்புரம் ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பான். பாடம் கேட்க ஆள் இருக்க மாட்டான்.

மறுநாள் சரியாக மூன்று மணிக்கு ழான்-மரி வந்தார். கூடத்தில் அவருக்கு நாற்காலி தயாராக இருந்தது. விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற கண்ணாடி டம்ளரில் வேம்பு காபி கொண்டுவந்தாள். இதையெல்லாம் தணிகாசலம் கவனித்தார். ஆனால் அவர் கண் மச்சான் மேல் இருந்தது. எப்போது ஓடுவான் என்று அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த பக்கெட்டைக்கூட நகர்த்திவைத்தார்.

ழான்-மரி பாயில் குந்தி, பாவாடையின் உதட்டை விரலால் தூக்கி, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். முப்பத்திரண்டும் முத்து. எட்டு மாசம் உட்கார்ந்து தின்ற பல். “வோலா” என்றார் சொல்தா. சந்தோசம் வந்தால் அவர் சொல்கிற வார்த்தை அது.

ட்ரம்பெட்டைக் கையில் கொடுத்தார். பாவாடை ஓடவில்லை. குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. உதட்டை எப்படி அதிர வைப்பது என்று ழான்-மரி காட்டினார். அவன் ஊதினான். கன்றைத் தேடுகிற பசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எதிர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, யார் செத்தது என்று கேட்டுவிட்டுப் போனார்.

“இன்னொரு வாட்டி ஊதட்டுமா முசியே?” என்றான் பாவாடை.

இன்னும் ஒரு மணி நேரம் ஊதினான்.

ழான்-மரி போனதும் தணிகாசலம் பாய்ந்து ட்ரம்பெட்டைப் பிடுங்கினார். இவன் ஊதினால் இவனுக்கு எப்படி வலிக்கும், அடுத்தவன் ஊதினால்தான் ஓடுவான் என்று அவருக்கு ஒரு கடைசி நம்பிக்கை இருந்தது. மூச்சை நிரப்பி, கண்ணை மூடி, இருபது வருசத்துக் கோபத்தையும் சேர்த்து ஊதினார். கட்டின பல் இரண்டும் தகட்டோடு கழன்று பாயில் விழுந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

வேம்பு பல்லை எடுத்து, கழுவி, ஒரு சாசரில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு தணிகாசலத்துக்கு மதியம் என்று ஒன்று இல்லை. மூன்று மணிக்கு சொல்தா வருவார். வந்ததும் செய்கிற முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. காற்று பட்டால் ஊதுகிறவன் உதடு உலர்ந்துவிடுமாம். எட்டு மாசம் மச்சான் மேல் பட்ட காற்று இப்போது யார் மேலும் படவில்லை. தணிகாசலம் பின்கட்டில் கிணற்றடியில் துண்டை விரித்துப் படுத்தார். தறிச் சத்தத்தில் வெந்த காது என்று அவர் போட்ட கணக்கும் தப்பாகப் போனது. தறி நிற்காமல் அடிக்கும், அதில் தூக்கம் வரும். மச்சான் நிறுத்தி நிறுத்தி ஊதினான். அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கிற காது எப்படித் தூங்கும்? ஷிப்டில் அவர் தறியோரம் நின்றபடியே தூங்கி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ட்ரம்பெட்டுக்குக் கொடுத்ததில் இன்னொரு ஃபேன் வாங்கிப் பின்கட்டில் மாட்டியிருக்கலாம் என்பது அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மச்சானிடமே கேட்டார். “ஏண்டா, ட்ரம்பெட்டுனா ஒனக்கு பயமாமே?”

“பயமா? உசுரு மாமா” என்றான் பாவாடை. “சின்னப் பையனா இருக்கச்சே கல்யாண ஊர்வலத்துல ட்ரம்பெட்டுக்காரரு பின்னாலயே போயிருவேன். வழி தெரியாம எங்கியாவது அழுதுகிட்டு நிப்பேன். அக்காதான் தேடிப்புடிச்சி இட்டுட்டு வரும்.”

தணிகாசலம் ஆணியில் மாட்டியிருந்த ட்ரம்பெட்டின் கழுத்தைப் பார்த்தார். அந்தச் சிவப்பு நூலை இதற்கு முன்னால் எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அடுக்களைக்குப் போனார். வேம்பு பாரீசுக்குப் போகிற வடகப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதே நூல்.

“நீ எப்பப் போய்ப் பாத்துட்டு வந்த?”

“மாசி மாசமே” என்றாள் வேம்பு. முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். “நாலையும் ஊதிக் காட்டச் சொன்னேன். இதான் மொதல்ல ஊதறவனுக்கு நல்லதுன்னாரு. வேற யாரும் எடுத்துறக் கூடாதுன்னு நூலு கட்டிட்டு வந்தேன். இவன் நல்லா ஊதுனா செட்டுல சேத்துக்கிறேன்னும் சொன்னாரு.”

“என் பல்லு விசயம்?”

“கேட்டாரு. சொன்னேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாம் இல்ல?”

வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அவளுக்கும் அலுப்புதான். “என் தம்பிக்கு ஒரு பொழப்பு வேணும், அந்த ஒத்தச் செருப்புப் பொட்டியில இருக்கறத எடுங்கன்னு கேட்டா எடுத்திருப்பீங்களா? அவனுக்கு நல்லதுன்னா நீங்க பரணைக்கூட நிமிந்து பாக்க மாட்டீங்க. அவனத் தொரத்தணும்னாதான் ஏணி வச்சி ஏறுவீங்க.”

தணிகாசலம் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

ஆவணி முகூர்த்தத்தில் பாவாடை செட்டில் சேர்ந்துவிட்டான். சிவப்புச் சட்டை, தோளில் மஞ்சள் கயிறு. கையில் நாலு காசு வந்தது. இனி தனியாகப் போய்விடுவான் என்று தணிகாசலம் ஒரு வாரம் நிம்மதியாக மூச்சு விட்டார். அதற்குள் ழான்-மரி வீட்டில் பாரீசிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒத்திகைக்கு அங்கே இடம் இல்லை. செட்டு மொத்தமும் ஒத்திகை பார்க்கத் தோதான கூடம் நெல்லித்தோப்பில் ஒன்று இருக்கிறது என்று வேம்பு தெரேஸ் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவன் பெரிய டிரம் கொண்டுவந்தான். அதை வைக்கத் தோதாக இருந்த இடம் அந்தப் பாய்தான்.

சத்தம் தாங்கவில்லை என்றால் ரெட்டியார்பாளையத்தில் உங்க தங்கச்சி வீடு இருக்கே, ஒரு பத்து நாள் போய் இருந்துட்டு வாங்களேன் என்றாள் வேம்பு. பாவாடை ஓடிப்போய்த் தன் ரெக்சின் பையைக் காலி செய்து கொண்டுவந்து கொடுத்தான்.

தங்கை வசந்தா நல்ல மாதிரி. அவள் புருசன் கொளஞ்சி பஸ்சில் கண்டக்டர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர்கள் வீட்டிலும் ஃபேன் ஒன்றுதான். ஆனால் என்ன காற்று. அதற்கு நேர் கீழே ஒரு பாயை விரித்து, அங்கிருந்தே மில்லுக்குப் போய் வந்து, தணிகாசலம் ஆறு மாசத்துத் தூக்கத்தையும் தூங்கினார். முழித்திருக்கும் நேரத்தில் தன் கதையைச் சொன்னார். ட்ரம்பெட் எதற்கு வாங்கினார், யாரை விரட்ட வாங்கினார், எத்தனை மணிக்கு ஊதத் திட்டம் போட்டார் எல்லாம். மதியம் டிரிப்பு முடித்துக் கொளஞ்சி வேர்வையோடு உள்ளே வரும்போது, மரியாதையாக எழுந்து உட்காருவார். “வாங்க மாப்ள, படுங்க மாப்ள” என்பார். சொன்ன களைப்பில் மறுபடியும் படுத்துவிடுவார்.

பத்து நாள் முடிந்து மூன்று வாரம் இருக்கும். கொளஞ்சி தோல் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். அப்புறம் பாயைப் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மச்சான், அந்த சொல்தா வூடு உப்பளத்துல எந்தப் பக்கம்னு சொன்னீங்க?”